நாகன் விடை கொடுத்த நாள்

தமிழில் 'கன்னி' என்னும் சொல் முதன்மையைக் குறிக்கும் அடையாகவும் வரும். அவையில் ஒருவர் முதன்முதலாகப் பேசும் பேச்சைக் கன்னிப்பேச்சு என்கிறோம். இளங்கவிஞரின் முதல் நூலைக் கன்னி முயற்சி என்று வாழ்த்துகிறோம். இவ்வழக்குகள் மேடையேறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, பன்னிரண்டாம் நூற்றாண்டில், சேக்கிழார் இதே அடையைக் காட்டுக்குள் கொண்டு சென்றார். வேடர்குல இளைஞன் ஒருவன் தலைமை ஏற்றுச் செல்லும் முதற்பெரு வேட்டைக்குப் பெரியபுராணம் வழங்கும் பெயர் 'கன்னி வேட்டை'.

கண்ணப்ப நாயனார் வரலாறு என்றதும் கண்ணை இடந்து அப்பிய காட்சியே நெஞ்சில் எழும். காளத்தி மலைமேல் நிகழ்ந்த அந்த ஆறு நாட்களின் பேரொளியில், அதற்கு முன் மலையடிவாரத்துக் குறிச்சியில் நிகழ்ந்த ஒன்று பெரும்பாலும் கண்ணில் படாமலே போய்விடுகிறது. ஒரு தந்தை தன் மகனைக் காட்டுக்கு அனுப்பலாமா, அனுப்புவதாயின் இப்போதே அனுப்பலாமா என்று முடிவு செய்த நிகழ்ச்சி அது. பக்தி நூலாகப் போற்றப்படும் பெரியபுராணத்தை ஒரு சமூக வரலாற்று ஆவணமாகவும் படிப்போர்க்கு இப்பகுதி பெருஞ்செல்வம்.

வேட்டை என்பதை அரசர்களின் பொழுதுபோக்காகவே பிற்காலத்தார் பெரிதும் அறிந்தனர். மலைக்குறிச்சியில் அது உழவைப் போன்ற ஒரு தொழில். சேக்கிழாரே அதனை வில்லால் செய்யும் உழவாகத்தான் காண்கிறார். உழவில் தவறினால் விளைச்சல் போகும். இதில் தவறினால் உயிர் போகும். கொங்கு நாட்டில் பரவலாகக் கிடைக்கும் புலிகுத்திக் கற்களும், பன்றியைக் குத்தி வீழ்ந்தோர்க்கு எடுத்த நடுகற்களும் அதற்குச் சான்று. புலியின் வாய்க்கு நேரே ஈட்டியையோ வாளையோ செலுத்தி நிற்கும் அவ்வீரர்களின் வயதைக் கற்கள் கூறுவதில்லை. அவர்களுள் முதல் வேட்டைக்குச் சென்றவர் யாரேனும் இருந்திருப்பின், அவரை அனுப்பி வைத்த தந்தையர் அக்கற்களுக்கு முன் எவ்வாறு நின்றிருப்பர் என்பதையும் கற்கள் கூறுவதில்லை. கல்வெட்டு விட்ட இந்த இடைவெளியைக் காப்பியமே நிரப்புகிறது.

இங்கு மூலநூல் வரலாறு சிறிது நோக்கத்தக்கது. சேக்கிழாருக்கு முன்னரே கண்ணப்பரைப் பாடிய நூல்கள் உள்ளன. பதினோராம் திருமுறையில் நக்கீரதேவ நாயனார், கல்லாடதேவ நாயனார் ஆகியோர் பெயரால் இரண்டு திருமறங்கள் அமைந்துள்ளன. அவை காட்டுபவன் வளர்ந்து முற்றிய வேடன். நக்கீரரின் திருமறம் பிறப்பையும் வளர்ப்பையும் சில அடிகளில் தொட்டுவிட்டு அன்புச் செயலுக்கு விரைகிறது. குழந்தைப் பருவம், வில் பிடிக்கும் விழா, பயிற்சி, தலைமை மாற்றம், முதல் வேட்டை என ஒரு வாழ்வையே படிப்படியாக வளர்த்துக் காட்டியவர் சேக்கிழார். தொண்டைநாட்டுக் குன்றத்தூரில் தோன்றி, இரண்டாம் குலோத்துங்கனிடம் முதலமைச்சராக விளங்கியவர் அவர் என்பது மரபு. அமைச்சுத் தொழில் அறிந்த ஒருவரின் கண் இப்பகுதி முழுவதும் விழித்திருப்பதைக் காணலாம்.

பொத்தப்பி நாட்டில் உடுப்பூர் என்பது ஊர். இன்றைய ஆந்திரத்தின் கடப்பைப் பகுதியில் அந்நாட்டை அறிஞர் அடையாளம் காண்பர். வேடர் தலைவன் நாகன், மனைவி தத்தை. நெடுநாள் பிள்ளையின்றி இருந்து பெற்ற மகன். கையில் ஏந்தியபோது திண்ணென்று இருந்தமையால் தந்தை இட்ட பெயர் திண்ணன்.

குழந்தை நடைபழகிய காலத்துச் சிறு நிகழ்ச்சி ஒன்றைச் சேக்கிழார் பாடுகிறார். வேடர் வீடுகளில் பார்வை விலங்கு என ஒன்று உண்டு. காட்டு விலங்கை அருகே ஈர்ப்பதற்காகப் பழக்கி வைத்திருக்கும் விலங்கு அது. நாகன் வீட்டில் இருந்தது புலி. அதன் திறந்த வாயைக் குகை என்று எண்ணி, குழந்தை உள்ளே கையை நீட்டுகிறது. தந்தை கண்டான். பதறிப் பசுந்தழை ஒன்றை எடுத்து ஓங்கினான். குழந்தையின் கண்களில் நீர் நிறைந்தது. தாய் முத்தமிட்டு அத்துளிகளை மாற்றினாள். அஞ்சாமையும் அறியாமையும் குழந்தையிடம் ஒன்றாகவே இருந்தன. அறியாமை நீங்கியபின் அஞ்சாமை எஞ்சுமா என்பதே வேடர்குலத் தந்தை எவனும் காத்திருந்து காண வேண்டியது. தழையை ஓங்கிய கையும், பல ஆண்டு கழித்து 'புறப்படுக' என்று விடை கொடுத்த கையும் ஒன்றே என்பதை நினைவிற்கொண்டு மேலே படித்தால் இப்பகுதியின் கனம் விளங்கும்.

சற்று வளர்ந்தபின் திண்ணனார் முயற்குட்டி, பன்றிக்குட்டி, புலிக்குட்டி, செந்நாய்க்குட்டி முதலியவற்றைத் துரத்தி ஓடிப் பிடித்து வந்து, முற்றத்து மரங்களில் கட்டி வளர்க்கிறார். விளையாட்டுத்தான், எனினும் விலங்கின் விசையையும் தன் காலின் விசையையும் ஒப்பிட்டு அறியும் கல்வி இது. பிடித்ததைக் கொல்லாமல் வளர்த்தார் என்பதைச் சேக்கிழார் இங்கே வாளாது சொல்லிச் செல்கிறார். அதன் பயன் பின்னால் வரும்.

வில் பயிலும் பருவம் வந்ததும் நாகன் சுற்றியுள்ள மலைத்தலைவர்க்கெல்லாம் செய்தி விடுக்கிறான். யானைத் தந்தமும் புலித்தோலும் தேனும் கிழங்கும் ஏந்தி அவர்கள் வந்து சேர, வில் பிடிக்கும் விழா பல நாள் நடைபெறுகிறது. இவ்விழாவைக் கன்னி வேட்டையோடு ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளலாகாது. வில்லைக் கையில் கொடுத்தது ஒரு நாள்; காட்டுக்குள் விட்டது வேறொரு நாள். இரண்டுக்கும் இடையே, அன்று தொடங்கி ஒவ்வொரு நாளும் களத்தில் நின்று வில்லாண்மை முற்றும்வரை கற்றதாகக் காப்பியம் கூறும். வில்லோடு பிற படைக்கலங்களும் கற்றுத் தேர்ந்து பதினாறு ஆண்டு நிரம்பிய செவ்வியில் திண்ணனாரை நாம் காண்கிறோம்.

இனி, பதினாறு நிரம்பியதால்தான் அனுப்பினார்களா? கருவி ஆயத்தம், கை ஆயத்தம், வயது ஆயத்தம். ஆயினும் நாகன் தானாக வாய் திறக்கவில்லை. முதல் வேட்டையை வரவழைத்தவை மகனுக்குப் புறத்தே நின்ற இரண்டு காரணங்கள். நாகனுக்கு மூப்பு வந்து வில்வலி மெலிந்தது ஒன்று. திங்கள்தோறும் ஆடவேண்டிய வேட்டை தாழ்ந்து போனமையால் பன்றியும் புலியும் கரடியும் கடமையும் மானும் பெருகித் தினைப்புனங்களில் புகுந்தது மற்றொன்று. குறிச்சியின் வேடர் அனைவரும் திரண்டு வந்து தலைவனிடம் இதனை முறையிடுகின்றனர். குலமுழுதும் வந்து கேட்ட பிறகே, முன்போல் வேட்டையில் முயலும் வலிமை தனக்கில்லை என்று நாகன் ஒப்புக்கொள்கிறான். என் மகனை உங்கள் தலைவனாகக் கைக்கொள்ளுங்கள் என்கிறான். கேட்ட வேடர் முதலில் இரங்கினர், பின் மகிழ்ந்தனர் என்று சேக்கிழார் வரிசைப்படுத்துவது உன்னத்தக்கது. மகனின் முதல் வேட்டை என்பது தந்தையின் கடைசி வேட்டை முடிந்துவிட்டது என்னும் அறிவிப்பும் ஆகும். மகிழ்ச்சியை முதலில் வைக்கச் சேக்கிழாருக்கு மனம் வரவில்லை.

இக்காட்சியில் சோழ அரசவையின் சாயலைக் காண்பது மிகையாகாது. தந்தை உயிருடன் இருக்கும்போதே மகனை அரசுப் பொறுப்பில் உடன் அமர்த்துவது சோழர் கையாண்ட முறை. முதலாம் இராசராசன் 1014இல் மறைவதற்கு இரண்டாண்டு முன்பே, 1012இல், இராசேந்திரனை இளவரசு நிலையில் உடனாளச் செய்தான். சேக்கிழாரைப் புரந்த இரண்டாம் குலோத்துங்கனும் 1133இல் தன் தந்தை விக்கிரம சோழனின் வாழ்நாளிலேயே முடிபுனைந்தவன். அவனும் தன் மகன் இரண்டாம் இராசராசனை 1146இல் உடனாளுமாறு அமர்த்தினான். மூத்தவர் கண்முன் இளையவர் பொறுப்பேற்கும் அவையின் மௌனத்தையும் மெல்லிய துயரத்தையும் அமைச்சர் அறிந்திருப்பார். அதனைத் தோலுடுத்த வேடர் அவைக்கு எவ்விதப் பூச்சுமின்றி மாற்றி வைத்தது அவர் கலை.

அடுத்து வருபவள் தேவராட்டி. காட்டில் உறையும் தெய்வங்களுக்குப் பலியூட்டும் முதியவள். வழிவழியாக அவ்வுரிமை பெற்றவள். நாகனின் வேண்டுகோளை ஏற்று, அரிசி தூவி, திண்ணனாரை வாழ்த்துகிறாள். உன் தந்தைக்கும் அவன் தந்தைக்கும் வாய்க்காத நன்மை உனக்கு உண்டு என்கிறாள். இவன் நம் அளவுக்கு மேம்பட்டவன் என்றும் சொல்கிறாள். வாழ்த்து மரபாகவே இதனைக் குறிச்சியார் கொண்டிருப்பர். பின்னர் அது சொல்லுக்குச் சொல் மெய்யாயிற்று. அவர்கள் விரும்பிய வழியில் மெய்யாகவில்லை.

தேவராட்டி பேசும் இவ்விடத்தில் தத்தையின் குரல் கேட்கவில்லை. கண்ணீரை முத்தத்தால் மாற்றிய தாயிடம், மகனைக் காட்டுக்கு விடும் நாளில், கருத்துக் கேட்டதாகச் செய்தி இல்லை. புறநானூற்றில் மகனைத் தானே போருக்கு அனுப்பும் தாயரைக் காண்கிறோம். இங்கோ குலத்தின் நடுவே நின்று பேசும் பெண் பூசனைக்குரியவள் மட்டுமே. பெண்டிரை நாயன்மார் வரிசையிலேயே வைத்துப் பாடிய சேக்கிழார், தத்தையை மட்டும் முற்றத்திலேயே நிறுத்திவிட்டார்.

திண்ணனார் அழைக்கப்பட்டார். எந்த இளைஞனும் துள்ளி எழும் நேரம் இது. சேக்கிழார் காட்டுவது வேறு. தந்தையின் நிலையை உள்ளத்துட் கொண்டு மகன் தளர்கிறார். குலத்தலைமைக்கு நேர்ந்துவிட்ட குறையை நிரப்ப வேண்டுமே என்னும் எண்ணத்தால் மறுக்காமல் நிற்கிறார். பின் தந்தை தாளை வணங்கி, அவன் முறைப்படி தந்த சுரிகையையும் தோலுடையையும் வாங்கிக் கொள்கிறார். அச்சமில்லாத பிள்ளை என்பதை நாகன் புலிவாயில் கை நீட்டிய அன்றே அறிவான். தன் தளர்ச்சி கண்டு தளரும் பிள்ளை என்பதை இன்றுதான் கண்டிருப்பான். காப்பியத்தில் தகுதி என்று ஒன்று காட்டப்படுமாயின் அது இந்தக் கணத்திலேயே காட்டப்படுகிறது; வேட்டை இன்னும் தொடங்கவில்லை.

பிற நாட்டு வழக்குகளோடு ஒப்பிடும்போது இந்நிரல் எத்துணை அரியது என்பது புலனாகும். பண்டை மாசிடோனியாவில் வலையின் துணையின்றிக் காட்டுப்பன்றியை ஈட்டியால் குத்திக் கொன்றவனே விருந்தில் சாய்ந்தமர்ந்து உண்ணும் உரிமை பெற்றான். ஆண்டிபேட்டரின் மகன் கசாண்டர் வீரனும் வேட்டைத்திறம் உடையவனுமாக இருந்தும், அப்படியொரு பன்றி வாய்க்காமையால் முப்பத்தைந்து வயதிலும் தந்தையின் அருகே நிமிர்ந்து அமர்ந்தே உண்டான் என்று ஹெகெசாண்டர் கூறியதை அத்தெனேயசு என்னும் கிரேக்க நூலாசிரியர் எடுத்துரைக்கிறார். கூடியிருந்தோர் முன்னிலையில் ஒவ்வோர் இரவும் கசாண்டரின் முதுகு பட்ட பாட்டை எண்ணிப் பார்க்கலாம். 1950களில் லோர்னா மார்ஷல் தம் குடும்பத்தினருடன் தங்கி ஆராய்ந்த கலகாரிப் பாலைநிலத்து ஜுவான்சி மக்களிடையே வழக்கம் வேறு. பெரிய விலங்கு ஒன்றை முதன்முதலாக வீழ்த்திய இளைஞனின் உடலில் சிறுசிறு கீறல்கள் இட்டு, அவ்விலங்கின் கொழுப்பும் கரியும் கலந்து தேய்ப்பர். ஆண் விலங்குக்கு ஒரு முறை, பெண் விலங்குக்கு ஒரு முறை என இருமுறை இச்சடங்கு நிகழும். வேட்டைத்திறனை மெய்ப்பிக்காதவனுக்குப் பெண் கொடார்.

இவ்விரண்டிடத்தும் கொலை முந்துகிறது, மதிப்புப் பிந்துகிறது. உடுப்பூரில் தலைமை முந்துகிறது; தோலும் சுரிகையும் முந்துகின்றன; பன்றி பிறகே வருகிறது. தகுதி கண்டு கொடுப்பது ஒரு முறை. கொடுத்தபின் தகுதி வளரும் என்று நம்புவது மற்றொரு முறை. நாகன் இரண்டாவதைச் செய்தான். மூப்பும் புனத்தின் அழிவும் அவனுக்கு வேறு வழி வைக்கவில்லை என்றும் கூறலாம். ஆயினும் மகன் ஒரு பன்றியேனும் கொன்று வரட்டும், பிறகு பார்ப்போம் என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வேட்டைப் படலம் முடுகு சந்தத்தில் ஓடுகிறது. நாய்கள் முன்செல்ல, வலைகள் வளைக்க, பறைகள் அதிர, விலங்குகள் கலைந்தோடுகின்றன. அவ்வளவு விரைவிலும் ஒரு செய்யுளில் சேக்கிழார் தம் வேடரின் அறத்தைச் சொல்ல நின்றுவிடுகிறார். மடிந்த செவியுடைய யானைக் கன்றுகளை அவர்கள் தொடர்வதில்லை. சிறு குருளைகளைக் கொல்வதில்லை. கருவுற்று அடிதளர்ந்து வரும் பிணையை வருத்துவதில்லை. முற்றத்து மரத்தில் குட்டிகளைக் கட்டி வளர்த்த சிறுவனின் கல்வி இங்கே குலத்தின் சட்டமாக விரிகிறது. எதை எய்வது என்பதைக் களத்தில் கற்றுவிடலாம். எதை விடுவது என்பதை, நாய் குரைக்கும், மனிதர் கூவும், குருதி சூடேறும் அந்த நொடியில் நெஞ்சு தானே அறிந்திருக்க வேண்டும். சேக்கிழாரின் வேடரை வெறுங்கொலைஞர் எனக் கருதிய பிற்காலத்து உரையாடல்கள் இச்செய்யுளைத் தாண்டிச் சென்றுவிட்டன எனலாம்.

பெரும்பன்றி ஒன்று வலையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. திண்ணனார் தனியே துரத்துகிறார். நாணன், காடன் என்னும் இருவர் மட்டுமே பின்தொடர முடிகிறது. நெடுந்தொலைவு ஓடி, மலைச்சாரலில் மரச்செறிவின் நிழலில் பன்றி நிற்கிறது. தொலைவில் நின்று அம்பு விடலாம். பல ஆண்டு பயின்ற வில் தோளில் இருக்கிறது. அதனை அவர் கருதவில்லை. அருகே பாய்ந்து சுரிகையை உருவிக் குத்துகிறார், பன்றி இரு துண்டாய் வீழ்கிறது. தந்தையிடம் பெற்றதும் சுரிகை, பன்றியை வீழ்த்தியதும் சுரிகை. இரண்டும் ஒன்றே என்று சேக்கிழார் விளம்பவில்லை. விளம்ப வேண்டியதும் இல்லை.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த நாணனும் காடனும், இதன் பின்னே காதங்கள் பல ஓடி இளைத்தோம் என்று வியக்கிறார்கள். அவர்கள் வாயில் திண்ணனார்க்கு வரும் பெயர் 'ஆடவன்'. தலைவன் என்று தந்தை முன்பே சொன்னான். ஆடவன் என்று சொன்னவர்கள் உடன் ஓடிக் களைத்த தோழர்கள். சொல்லிய உடனே அவர் அடியில் வீழ்ந்து வணங்கவும் செய்தார்கள்.

பசிக்கிறது, பன்றியைக் காய்ச்சி உண்டு, நீர் அருந்தி, பிறகு மெல்ல வேட்டைக்காட்டுக்குத் திரும்பலாம் என்கின்றனர் தோழர். நீர் எங்கே என்று திண்ணனார் வினவ, தேக்க மரத்துக்கு அப்பால் பொன்முகலி ஓடுகிறது என்கிறான் நாணன். சுவர்ணமுகி என இன்று வழங்கும் ஆறு அது. மூவரும் ஆற்றங்கரை நோக்கிச் செல்கின்றனர். எதிரே குன்று தெரிகிறது. அம்மலையில் குடுமித்தேவர் இருக்கிறார், கும்பிடலாம் என்கிறான் நாணன். அதனை நெருங்க நெருங்கத் திண்ணனாரின் நெஞ்சில் ஏதோ ஒரு பாரம் குறைகிறது. ஆற்றங்கரையில் காடனைத் தீக்கடையச் சொல்லிவிட்டு இருவரும் மலையேறுகின்றனர். அதன்பின் நிகழ்ந்தது தமிழுலகம் அறிந்தது.

அறியப்படாதது அடிவாரத்தில் நிகழ்ந்தது. தேவர்மேல் மயல் கொண்டுவிட்டான் என்று நாணன் காடனிடம் சொல்கிறான். இருவரும் குறிச்சிக்கு ஓடிச் செய்தி கூறுகின்றனர். நாகன் ஊணும் உறக்கமும் இழந்து, தேவராட்டியையும் அழைத்துக்கொண்டு காளத்திக்கு வருகிறான். மூப்பால் வேட்டைக்குச் செல்ல இயலாது என்று சொன்ன அதே கால்கள் இப்போது காடு கடந்து வந்தன. தெய்வம் ஏறியது என்றால் இறக்கும் வழி அவளுக்குத் தெரியும். அறிந்தவை எல்லாம் செய்து பார்க்கிறாள். இரும்பு பொன்னானபின் மீண்டும் இரும்பாவதில்லை என்னும் பொருள்பட உவமை கூறிச் சேக்கிழார் நகர்கிறார். காட்டின் எல்லா இடர்களையும் நாகன் எண்ணியிருப்பான். புலியை எண்ணியிருப்பான், கரடியை எண்ணியிருப்பான், நடுகல்லையும் எண்ணியிருக்கக்கூடும். நலமாக, ஒரு கீறலுமின்றி, வேட்டையும் வாய்த்து, அதன்பின் மகன் வீட்டுக்கு வராமல் போவான் என்பது எந்த வேடனின் கணக்கிலும் இல்லை.

கைவிட்டு அவர்கள் அகன்றார்கள். காப்பியம் மலைமேல் மகனோடு தங்கிவிட்டது. நாகனைத் தொடர்ந்து அது உடுப்பூருக்குச் செல்லவில்லை. புனங்களில் பன்றிகள் புகுந்த முறையீடு அங்கே அப்படியே இருந்திருக்கும். அடுத்த திங்கள் முறை வேட்டைக்கு யார் முன்சென்றார் என்பதற்குச் செய்யுள் இல்லை.